ஜமுனாமரத்தூரில் நின்றுபோன சர்வர்

இங்கே ஜெர்மனியில் பகல் பன்னிரண்டு ஆனால், அலுவலக நடைபாதையில் எதிர்ப்படுகிற எல்லோரும் "மால்ட்சைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். வந்த புதிதில், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என நினைத்து, "இன்னும் இல்லை, தயிர்சாதம் கொண்டுவந்திருக்கிறேன்" என்று நின்று பதில் சொல்வேன். அவர்கள் சிரித்தபடி நடையைக் கட்டுவார்கள். அது பதில் எதிர்பார்க்காத வணக்கம் என்று பக்கத்து மேசை உல்ரிக்கெ சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் ஜவ்வாது மலையில் அதே கேள்விக்கு என்ன குழம்பு என்பதுவரை சொல்லாமல் நகர முடியாது.

என் வேலை, வெவ்வேறு ஊர்களிலுள்ள கணினிகளில் டேட்டாபேஸ் சர்வர்கள், அதாவது தகவல்களைச் சேமித்துக் கேட்டதும் எடுத்துத்தரும் நிரல்கள், ஓடுகின்றனவா என்று பார்ப்பது. என் கணினியில் இருப்பதும் தொலைவில் இருப்பவையும் ஒரே திரையில் வரிசையாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நின்றதை இங்கிருந்தே ஓடவைக்கலாம். இந்த வேலை தெரியும் என்பதால், போன விடுமுறையில் ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிறு மருத்துவமனை ஒன்றின் சர்வரையும் சரிசெய்து கொடுத்தேன். நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அங்கே நர்ஸாக இருக்கும் மலர் அக்கா மூன்று நாளும் எனக்குச் சாமைச்சோறு போட்டார்.

சென்ற மாதம் ஒருநாள், எல்லோரும் சாப்பிடக் கிளம்பிய நேரத்தில் அவர் போனில் கூப்பிட்டார். ஊரில் சாயங்காலம், தகரக்கூரையில் மழை அடிப்பது கேட்டது.

"எழிலு, கரண்டு போய்ட்டு வந்துச்சு. அதுலேர்ந்து யார் பேரப் போட்டாலும் தொறக்க மாட்டேங்குதுடி. நம்ம ஊரு சாந்தி வந்திருக்குது, காலெல்லாம் சீழு, ஜுரம் கொதிக்குது. முன்ன ஒரு ஊசி போட்டு மூச்சடைச்சுக்கிச்சு இல்ல? அது இன்னா மருந்துன்னு அதுக்கும் தெரில. டாக்டரு புதுசு. பேரு தெரியாம ஊசியத் தொடமாட்டேங்குறாரு."

வேலூருக்கு அனுப்பலாம். ஆனால் அந்த மழையில் மலைப்பாதை. என் சொந்த மடிக்கணினியைத் திறந்தேன்; மருத்துவமனை சர்வரையும் எட்டிப் பார்க்கும்படி அதில் சேர்த்து வைத்திருந்தேன். பதற்றத்தில், மலையிலுள்ள சர்வர் என்று நினைத்து என் கணினியிலேயே இருந்த பயிற்சி சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவைத்து, "ஆயிடுச்சுக்கா" என்றேன்.

"இங்க ஒண்ணும் ஆவலியே."

திரையில் மருத்துவமனை சர்வரின் வரியைப் பிடித்த கணத்தில் அந்தக் கணினியோடு இருந்த இணைப்பு அறுந்தது. அதற்குள் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டேன்: 'மேனுவல்'. அப்படி வைத்திருந்தால், கணினி அணைந்து எழும்போது யாராவது கையால் தொடங்கினால்தான் சர்வர் ஓடும். பழுது பார்ப்பதற்காக அப்படி மாற்றியவள் நான்தான். திருப்பி வைக்க மறந்து விமானம் ஏறியிருக்கிறேன். இத்தனை நாள் கரண்டு போனபோதெல்லாம் கணினியை அணையவிடாமல் பேட்டரி காப்பாற்றியிருக்கிறது.

"அக்கா, தப்பு என்னுது. நான் சொல்றத அப்படியே செய்ங்க."

அங்குள்ள கணினியில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். நடுவில் சாந்தி முனகுவது கேட்டது. எங்கள் சர்வரின் பெயர் வந்ததும், "அதுமேல மவுஸ்ல வலதுபக்கம் அழுத்துங்க, ஸ்டார்ட் குடுங்க" என்றேன்.

"பச்சக் கோடு ஓடுதுடி... ரன்னிங்னு வந்துடுச்சு! இரு, பேரப் போடறேன்... பென்சிலின்! டாக்டர், பென்சிலினுங்க!"

டாக்டர் வேறு ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னார். அதை எடுக்கப் போகுமுன் மலர் அக்காவை நிறுத்தி, 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றவைத்தேன்.

"மன்னிச்சுக்குங்கக்கா, மறந்துட்டேன்."

"மறந்தா இன்னாடி? கூப்ட்ட ஒடனே எடுத்தியே."

அழைப்பைத் துண்டிக்காமலே ஓடிவிட்டார். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தேன். தட்டு வைக்கும் சத்தம், "மெதுவாக்கா" என்ற சாந்தியின் குரல், பிறகு வெகுநேரம் மழை மட்டும். மூச்சுத் திணறும் சத்தம் ஏதும் இல்லை. "காலைல வரைக்கும் இங்கயே படு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மலர் அக்கா வாசல் பக்கம் குரல் கொடுத்தார்: "அடுத்து யாருங்க? உள்ள வாங்க!"

அந்த வாசலில் காத்திருப்பவள் நானே என்பதுபோல் நாற்காலியிலிருந்து எழப் போனேன். சாப்பிட்டுத் திரும்பிய உல்ரிக்கெ கதவருகில் நின்று, "கிளம்பிவிட்டாயா?" என்றாள். மேசையில் ஒரு கையை ஊன்றியபடி பாதி எழுந்த நிலையில் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன்.