இரண்டு முறை கூட்டிய தூக்கம்

எங்கள் கம்பெனியின் கையடக்க பில் மெஷினைச் சும்மா விட்டால் தானாகத் தூங்கிவிடும். அப்போது அதன் முக்கியக் கடிகாரமும் நின்றுபோகும். பட்டன் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்ததும் அதைப் பார்த்து, தூங்கிய நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பகுதியை எழுதிக் கவனிப்பது என் வேலை.

சில பில்களில் நேரம் தப்பாக இருப்பதாகக் கடைகளிலிருந்து புகார் வந்தது. ஆபீசில் எத்தனை தடவை தூங்கவைத்து எழுப்பினாலும் சரியாகவே காட்டியது. திங்கட்கிழமைக்குள் திருத்தித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூரில் ரயில் ஏறினேன்.

சீட் கிடைத்தும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் பொறுக்காமல் மெஷினை எடுத்து எழுப்பினேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மெஷினிலோ ஊர் சாப்பிட்டுப் படுக்கும் நேரம்.

தினமும் கூட வரும் நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, உன் டப்பா நமக்கு முன்னாடியே வூடு போய்ச் சேந்துடுச்சா?"

"இல்லக்கா, இவ்ளோ நேரம் தூங்குச்சு இல்ல, அத்த ரெண்டு வாட்டி கூட்டிக்கிச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆபீசில் எழுந்த உடனே வைஃபை நேரத்தைத் திருத்திவிடும். ரயிலில் திருத்த ஆளில்லை.

எங்கள் ஊர் ஸ்டேஷனான கோரமண்டலில் இறங்கி ஓடாத குறையாக வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இயங்குதளத்தின் பொது நிரல் தூங்கிய நேரத்தை ஒருமுறை கூட்டியது. கடிகாரச் சிப்புக்காக நாங்கள் சேர்த்திருந்த நிரல் அதையே மறுபடி கூட்டியது. முதலாவது கூட்டிவிட்டால் இரண்டாவது சும்மா இருக்கும்படி மாற்றினேன்.

போனில் டீம் லீட் சொன்னார்: "நல்லா நீளமா தூங்கட்டும். அவசரப்பட்டு எழுப்பிடாதீங்க."

சனிக்கிழமை காலை வைஃபையை அணைத்து மெஷினை அலமாரியில் வைத்தேன். துணி மடித்தேன், பாதியில் விட்டேன். மறுபடி அலமாரி.

"அது தூங்குது. நீ இன்னாத்துக்கு சுத்திச் சுத்தி வர்ற?" என்றார் கணவர்.

"தொட்டா எழுந்துக்கும்ங்க. தொடாம இருக்கிறதுதான் முடியல."

காய் வாங்க வண்டியில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். காய் வாங்காமல் கடைக்குக் கடை சுவர்க் கடிகாரத்தையே பார்த்து நின்றேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன்.

சாயங்காலம் அவரையே பட்டனை அழுத்தச் சொன்னேன். தன் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியாத்தான் கீது. இப்பவாவது சாப்பிடு."

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். தூங்கும்போதே பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால்? எழுந்து கையைக் கழுவிக்கொண்டு மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டையில் அவர் அக்கா வீட்டு விசேஷம். அவர் தனியாகத்தான் போனார்.

திங்கட்கிழமை திருத்தம் போனது, புகார் நின்றது. அவர் என்னிடம் சரியாகப் பேசப் புதன்கிழமை ஆயிற்று.