பேரணாம்பட்டிலிருந்து அண்ணனை அழைத்து வந்தோம்

போருக்குப் போன என் அண்ணன் முனுசாமியைக் "காணவில்லை" என்று பட்டாளத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அண்ணி கன்னியம்மா தாலியைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லும் துணிவு எங்களுக்கும் இல்லை. இந்தத் தை மாதம் இப்ராஹிம் என்பவர் பேரணாம்பட்டிலிருந்து எழுதியிருந்தார்: "உங்கள் அண்ணனோடு பட்டாளத்தில் இருந்தவன் நான். அவருடைய எலும்புகள் என்னிடம் இருக்கின்றன. எனக்கு ஒரு கால் இல்லை. நீங்கள் வர முடியுமா?"

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பன்னிரண்டு மைல். நானும் அண்ணியும் காலை ஐந்துக்கு மாட்டுவண்டியில் கிளம்பிப் பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். போக வர வாடகை இரண்டு ரூபாய். வழியெல்லாம் அண்ணி, "வேற யாரோடதாவது இருக்கும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்ராஹிம் பாய் வெள்ளைத் துணி சுற்றிய பிஸ்கட் டப்பாவை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை.

"அவரு தூங்கறப்ப இன்னா பண்ணுவாரு? சொல்லுங்க."

பாய் சிரித்துவிட்டார். "பல்லக் கடிப்பான் அக்கா. ஒரே பேஜாரு! கூடாரத்துல ஒருத்தனும் தூங்க முடியாது. நான்தான் தாடையத் தட்டி வுடுவேன்."

"நானும் அப்படித்தான் தட்டுவேன்" என்று அண்ணியும் சிரித்தார். அப்புறம்தான் அழுகை வந்தது.

மெசபடோமியாவில் பஸ்ராவுக்கு வடக்கே அண்ணன் குண்டடிபட்டு இறந்ததைப் பாய் சொன்னார். "உங்க வழக்கம் எரிக்கிறதுதானே? ஒடஞ்ச பெட்டிங்கள பொறுக்கி எரிச்சேன். மறுநாளு துருக்கிக்காரனுங்க என்னக் கைதியாக்கிட்டானுங்க. அங்கயும் இந்த டப்பாவத் தலைமாட்டுலதான் வெச்சிருந்தேன்." விடுதலையானதும் காலுக்காக மருத்துவமனை, போன மாதம்தான் ஊர் திரும்பியிருக்கிறார்.

பழைய காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரும் வண்டியில் ஏறினார். டப்பா அண்ணியின் மடியில் இருந்தது.

மாலை நான்கு மணி. அண்ணன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் பாலாற்றங்கரையில் காத்திருந்தார்கள். முழங்காலளவு நீரில் இறங்கி அண்ணியே எலும்புகளைக் கரைத்தார். ஊன்றுகோல் மணலில் புதைய, நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, பாய் சலாம் வைத்து நின்றார். எல்லோரும் கரையேறிய பிறகும் கையை இறக்கவில்லை.

"போதும் தம்பி. வூட்டுக்கு வந்து சாப்புடு" என்று அண்ணிதான் அழைத்து வந்தார்.

பாய் மூன்று நாள் எங்களோடு தங்கினார். அண்ணி கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டிலும் "காணவில்லை" என்று அப்படியொரு காகிதம் இருந்தால், அதே படையிலிருந்து திரும்பியவர்களைத் தேடி நேரில் போங்கள். மனைவியையோ தாயையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்றே பேசி முடித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். எலும்பை வாங்கிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். ஆளைப் பற்றிக் கேட்டு முடிக்க அது போதாது.