தாய்மாமன் மடி

1. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். தங்கைக்கு அப்போது ஒன்றரை வயது.

2. அடுத்த வருடம் அப்பா இறந்தார். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. விபத்து நடந்தபோது ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருந்தது.

3. பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி இலைகளை எடுத்து முடிப்பதற்குள் உறவினர்கள் எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். நான் சித்தப்பா வீட்டுக்கு. தங்கை மீஞ்சூரில் இருந்த அத்தை வீட்டுக்கு.

4. ஏழு மாதம் கழித்துத் தங்கைக்குக் காது குத்தினார்கள்.

5. அதன்பிறகு ஒன்பது வருடம் நான் அவளைப் பார்க்கவில்லை.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் நடந்ததற்கு நானே காரணம். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்களைப் பிரித்தபோது யாரும் குரலை உயர்த்தவில்லை. வாடகை நாற்காலிகளைக் கடையில் யார் திருப்பிக் கொடுப்பது என்பதற்கு இதைவிட அதிக நேரம் பிடித்தது. சித்தி தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். வீட்டில் இரட்டைக் குழந்தைகள். கொஞ்சம் வளர்ந்த பெண் ஒருத்தி இருந்தால் உதவி. அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை. அன்று காலை என் தங்கையை இடுப்பில் எடுத்தவர் சாப்பிடும்போதும் இறக்கவில்லை. அம்மாவின் அண்ணன், பள்ளிப்பட்டு மாமா, கை கழுவிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். அவருக்கு மூன்று பெண்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கும்வரை அவரும் நிற்கவில்லை.

மாதம் இரண்டு ஞாயிறு சித்தப்பா என்னை ரயிலில் மீஞ்சூருக்கு அழைத்துப் போவார். இரண்டாவது மாதமே தங்கை அத்தையை "அம்மா" என்றாள். அத்தை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "பாப்பா முன்னாடி பழச எதையும் பேசாத கண்ணு. இங்க புதுசா குடி வந்துக்கிறோம், அக்கம் பக்கத்துல யாருக்கும் எதுவும் தெரியாது" என்றார். சரி என்றேன். விதி எதுவானாலும் அதைப் பின்பற்றுவது எனக்கு அப்போதே எளிதாக இருந்தது.

காதுகுத்துக்கு நாள் குறித்ததும் அத்தை கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை உட்காரவைத்துப் பட்டியல் எழுதச் சொன்னார். மொட்டைக்குச் சந்தனம், பத்தருக்கு வெற்றிலை பாக்கு தட்சணை, பலகை, பட்டுப் பாவாடை. யார் யார் வரவேண்டும் என்பதையும் எழுதினேன். கடைசியில் நானே கேட்டேன், தாய்மாமன் யார் என்று.

"ஒங்க சித்தப்பாதான்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

பெரியவர்கள் கவனக்குறைவாக ஒரு தப்புச் செய்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்றால் அம்மாவின் அண்ணனோ தம்பியோ. சித்தப்பா அப்பாவின் தம்பி. நான் பள்ளிப்பட்டு மாமா மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டேன்; போட்டோ இருந்தது. பாப்பாவுக்கும் அங்கேதான் என்று அம்மா சொல்லியிருந்தார்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் நாங்களாகத் திருத்தக் கூடாது. ஏன் மாற்றினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். பத்து வயதில் இந்த விதி எனக்குத் தெரியாது.

சித்தி குளிக்கப் போனபோது அவர் போனில் பள்ளிப்பட்டு மாமாவைக் கூப்பிட்டேன். நாளையும் இடத்தையும் சொன்னேன். "நீங்கதான் மடியில உக்கார வெக்கணுமாம். அத்த சொல்லச் சொன்னாங்க" என்றேன். அந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது. மாமா நாளை இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வர்றேம்மா" என்றார்.

அத்தை வீட்டுத் தெருவிலிருந்த அம்மன் கோயில். தங்கைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். சித்தப்பா பலகையில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்திருந்தார். பத்தர் ஊசியை எடுத்து வைத்துவிட்டார். அப்போதுதான் மாமா சீர்த்தட்டோடு உள்ளே வந்தார். பழம், பாவாடை, சின்னச் சிவப்பு டப்பாவில் தோடு. நேராகப் பலகைக்கு வந்து, "கொஞ்சம் எழுந்துக்கோங்க மச்சான்" என்றார்.

சித்தப்பா எழுந்துகொள்ளவில்லை. "வாங்க, வாங்க. மொதல்ல உக்காருங்க. முடியட்டும், பேசிக்கலாம்."

"பேசறதுக்கு இன்னா கீது? என் தங்கச்சி பொண்ணு. நான் உசுரோட இருக்கச் சொல்ல நீ எப்படி அங்க குந்துவ?"

கோயிலுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், "இன்னாது, பெத்த பொண்ணு இல்லியா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

அத்தையின் மாமியாருக்கு இந்தத் தத்து விஷயத்தில் முதலிலிருந்தே விருப்பமில்லை. அவர் தூணில் சாய்ந்தபடி, "யார் பொண்ணுன்னு முடிவு பண்ணிக்கினு அப்பறமா காது குத்துங்க. பத்தர் சாயங்காலம் வரைக்கும் குந்திக்கினு இருப்பாரு" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அத்தை தங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமாவின் முன்னால் வந்து நின்றார்.

"பதினாறாம் நாளு எங்க போச்சு இந்த உரிம? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனவர்தான நீங்க? பொண்ணு வேணாம், மடி மட்டும் வேணுமா?"

மாமா, "நானா வர்ல. நீங்க கூப்ட்டீங்கன்னுதான் வந்தேன்" என்றார்.

"யாரு கூப்ட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களுக்குக் காரணம் சொன்னால் போதும், சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். "எங்கம்மா சொல்லிக்கிறாங்க, பாப்பாவுக்கு மாமா மடியிலதான் குத்தணும்னு" என்றேன். தெளிவாக, சத்தமாக, தங்கைக்கும் கேட்கும்படி.

அத்தை என்னை அடிக்கவில்லை. "உனக்கு இன்னாடி கொற வெச்சேன்?" என்று மட்டும் கேட்டார். தங்கை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அதுவரை வாயே திறக்காமல் நின்ற அத்தையின் வீட்டுக்காரர் வந்து சித்தப்பாவின் தோளைத் தொட்டு எழுப்பினார். தானே பலகையில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "குத்துங்க" என்றார். அப்பன் மடியில் குத்துகிற வழக்கம் இல்லை என்று பத்தர் இழுத்தார். அவர் இன்னொரு முறை, "குத்துங்க" என்றார். குத்தினார்கள்.

மாமா தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பாவும் நானும் சாப்பிடாமல் ரயில் ஏறினோம். அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரப்பேட்டை. கவரப்பேட்டை தாண்டிய பிறகு சித்தப்பா, "இனிமே அங்க போவ முடியாது" என்றார். இந்த மாதமா, அடுத்த மாதமுமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்குள் அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு திருநின்றவூருக்குப் போய்விட்டார். போன் எண்ணையும் மாற்றிவிட்டார். மாமா அதன்பிறகு என்னோடு பேசியதில்லை. நான் செய்தது சரி, மற்றவர்கள்தான் தேவையில்லாமல் கோபப்படுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் கழித்து அத்தையின் வீட்டுக்காரர் இறந்தார். சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள், போனோம். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வாசலுக்கு வந்து, உள்ளே பார்த்து, "அம்மா, யாரோ வந்துக்கிறாங்க" என்றாள். அத்தை என்னைக் காட்டி, "மாமா பொண்ணு" என்றார். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும்போது ரயிலில் சித்திதான் சொன்னார். "அந்தக் காதுகுத்து முடிஞ்சதும் ஒங்க அத்த உன்னையும் இட்டுக்கினு போறதா இருந்தாங்க. அத்த வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. மொதல்ல சின்னவள ஊர் முன்னாடி நம்ம பொண்ணுன்னு ஆக்கிக்கிலாம், அப்பறம் பெரியவளக் கூட்டிக்கினா மாமியார் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு. உன் துணிகூட மடிச்சு வெச்சிருந்தேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? நடக்கப்போறது இல்லன்னு ஆயிடுச்சு."

தத்து எடுத்ததற்கு அத்தையிடம் ஒரு காகிதமும் இருக்கவில்லை. கூடப்பிறந்த தம்பியின் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டால், அந்தக் குழந்தைக்குத் தாய் யார் என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஒரு அத்தாட்சிக்காகத்தான் அன்று எல்லோரும் கூடியிருந்தார்கள். மாமாவுக்கு வேண்டியிருந்தது, இறந்த தங்கைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். நான் அதைச் சரி, தப்பு என்று மட்டும் பார்த்தேன்.

தங்கைக்கு இப்போது பத்தொன்பது வயது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் கல்லூரிக்குப் போகிறாள். எல்லாச் சான்றிதழிலும் அத்தைதான் தாய். பண்டிகைக்குப் போனால் அத்தை எனக்குச் சோறு போடுகிறார். நான் தங்கையோடு தனியாக ஒரு அறையில் இருந்தால், ஏதாவது ஒரு வேலையைச் சாக்கிட்டு உள்ளே வந்துவிடுகிறார். தங்கைக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை.