நான் பறித்த தமிழ்

என் மகளிடமிருந்து தமிழைப் பறித்தவள் நான். அவளுடைய தாத்தா பாட்டி அவளோடு பேசிவிடக் கூடாது என்பதற்காக, தெரிந்தே பறித்தேன்.

தில்லியில் வளரும் பிள்ளைகள் இப்படித்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று!

எழுபதுகளின் நடுவில் எனக்கு விவாகரத்து ஆனது. குழந்தை யாருக்கு என்று வழக்கு நடந்தது. நான் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. "வேலைக்குப் போறவ பிள்ளைய எப்படி வளப்பா?" என்று நீதிமன்ற வராந்தாவில் என் காதுபடக் கேட்டார் மாமியார். அதை நான் மறக்கவே இல்லை.

மீனா என்னிடமே வந்தாள். அவளுடைய அப்பா வெளிநாடு போனவர், திரும்பிப் பார்க்கவில்லை. அவரைப் பெற்றவர்கள்தான் விடவில்லை. கோடை விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து, என் முன்னிலையில் பேத்தியைப் பார்க்கலாம், குழந்தைக்கு விருப்பம் இருக்கும்வரை... என்றார் நீதிபதி.

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். தமிழ் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் சேர்க்க இருந்தவளை இந்திப் பள்ளியில் சேர்த்தேன். வீட்டிலும் இந்திதான். "அம்மா" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். "மம்மி" என்றால்தான் திரும்புவேன். நாலு வயதுக் குழந்தை எவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மூன்றாவது கோடை. கரோல் பாக் வீட்டில், ரயில் கரி படிந்த சட்டையோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். மாமியார் மடியில் முறுக்கு டப்பா.

"சாப்பிட்டியாட்டி?"

மீனா என்னைத்தான் பார்த்தாள். "மம்மி, க்யா போல் ரஹீ ஹை?" என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்கிறாள்!

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனார் என்னிடம் கெஞ்சினார். "ஏம்மா, அடுத்த வருசமும் நாங்க வரட்டுமான்னு பிள்ளகிட்ட கேட்டுச் சொல்லும்மா."

கேட்டேன். "இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா உனக்கு?" என்று இந்தியில் கேட்டேன்.

"நஹீ" என்றாள் குழந்தை, தலையையும் ஆட்டி.

அந்த ஒரு சொல் அவர்களுக்கும் புரிந்தது.

மாமனார் எழுந்து செருப்பைத் தேடினார். "பிள்ளயப் பாத்துக்கோம்மா" என்றார். திட்டியிருக்கலாம்! கையை ஓங்கியிருக்கலாம்... ஒன்றும் செய்யவில்லை. அதன்பிறகு அவர்கள் வரவில்லை.

அழுதேனா? இல்லை. சாயங்காலம் மீனாவும் நானும் முறுக்கைத் தின்றோம். நன்றாகவே இருந்தது.

மீனா கல்லூரிக்குப் போகும் வயதில் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. மாமியார் யாரிடம் எண் வாங்கினாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரங்க் கால். மீனா எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இந்தியில் சொன்னாள். "யாரோ பாட்டியம்மா, மதராஸியில் அழுகிறார்... நடுநடுவே என் பெயரைச் சொல்கிறார். என்னவென்று கேளேன்."

கையை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"ராங் நம்பர். வை" என்றேன்.

வைத்துவிட்டாள்.

மாமனார் போய்ச் சேர்ந்த செய்தியா? அல்லது அவரும் பக்கத்தில் நின்று காத்திருந்தாரா? இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. மீனாவும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவளுக்கு அது ராங் நம்பர்தான்.