டீச்சருக்கு வந்த சம்மன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து திரும்பிய ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆரணியில் எங்கள் தெருவுக்கு அது போதாதா? டீச்சர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வாங்குவதற்குள் விஷயம் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

நான் அடுத்த வீடு. கோர்ட் செய்தி எழுதியே பாதி வயசைக் கழித்தவன். காகிதத்தோடு நேராக என்னிடம் வந்தார்.

"சம்மன் வந்திருக்கு சார். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ஒரு தப்பும் இல்லை. சம்மன் என்றாலே கைவிலங்கு என்று நினைத்துக்கொள்கிறோம். சாட்சிக்கும் சம்மன்தான் வரும். இங்கிலீஷ் படங்களில் 'சப்பீனா' என்கிறார்களே... கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். லத்தீனில் 'தவறினால் தண்டனை' என்று அர்த்தமாம். நம் ஆட்கள் 'அழைப்பாணை' என்று வைத்தார்கள். பாதி அழைப்பு, பாதி ஆணை! வந்து, தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்—அவ்வளவுதான். மதிக்காமல் இருந்துவிட்டால் அபராதம் வரலாம். பிடியாணை, அதாவது வாரண்டே வரலாம்.

இவ்வளவு சொல்லியும் டீச்சர் முகம் தெளியவில்லை. காரணம் இருந்தது.

களம்பூர் சாலையில் நடந்த விபத்து வழக்கு அது. சைக்கிளில் போன நெசவாளி ஒருவரை லாரி இடித்து, அவருக்கு ஒரு கால் போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றிருந்த டீச்சரின் கண்ணெதிரே நடந்தது. அன்றே போலீஸிடம் பார்த்ததைச் சொல்லியும்விட்டார். லாரி ஓட்டியவர் செல்வம்—டீச்சர் கணவருக்குச் சித்தப்பா மகன். சைக்கிள்தான் குறுக்கே வந்தது என்று அவர் தரப்பு சாதித்தது.

மாமியார் டீச்சரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடு, குடும்பம் உடைந்துபோகும் என்று கணவர் கெஞ்சினார்.

"அப்படிச் சொன்னா சட்டம் இன்னா சார் பண்ணும்?" என்று கேட்டார் டீச்சர்.

பொய்ச் சாட்சி குற்றம்தான். ஆனால் ஒருவருக்கு மறந்துபோனதா இல்லையா என்று யார் நிரூபிப்பது? சம்மன் ஆளைக் கூண்டுவரை கொண்டுவரும். அதற்கப்புறம் அவரவர் மனசாட்சி பாடு. டீச்சர் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

போன வாரம் விசாரணை. கணவர் வரவில்லை, துணைக்கு நான் போனேன். டீச்சர் கூண்டில் ஏறினார். குரல் நடுங்கவில்லை. சைக்கிள் ஓரமாகத்தான் போனது, லாரி ஓட்டியவர் கையில் போன் இருந்தது என்றார்.

செல்வத்தின் வக்கீல் விடுவாரா? உறவுக்குள் ஏதோ பகை, அதைத்தான் இங்கே தீர்த்துக்கொள்கிறீர்கள் என்று மடக்கினார்.

"பகை இல்லீங்க. எம் பொண்ணுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே அவருதான். நல்லவருங்க. ஆனா அன்னிக்கு போன் பேசிகினுதான் வந்தாரு."

வக்கீல் கேள்வியை முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வராண்டாவில் செல்வம் எங்களை நோக்கி வந்தார். நான் ஓரடி பின்வாங்கினேன். டீச்சர் நகரவில்லை.

"நீங்க பார்த்ததத்தான் சொன்னீங்க அண்ணி. வக்கீலு பேசினத மனசுல வெச்சுக்காதீங்க."

அதுவரை தாங்கிய டீச்சர், அங்கேதான் அழுதார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. மாமியாரும் இன்னும் பேசவில்லை. டீச்சர் மட்டும் தினமும் நிமிர்ந்த தலையோடு ஸ்கூலுக்குப் போய்வருகிறார்.

அந்தக் கூண்டில் நான் நின்றிருந்தால்? ...தயவுசெய்து கேட்காதீர்கள்!