இந்த வாரம் கடைசி ஆள் யார்?

ஜரீனா டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் பள்ளி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பதினெட்டுப் பேர் உட்காரும் வேனிலிருந்து நாற்பது பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய பழைய படம் ஒன்று, அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அஞ்செட்டியில் தான் தங்கியிருந்த வீட்டில் விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் மலையேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் அண்ணன் உடலை ஊருக்குக் கொண்டுவந்து, அன்று மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தார். நானும் போய் மூன்று கை மண் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசியவர்களில் ஒருவர், நல்ல மனதோடுதான், இப்படிச் சொன்னார்: "அந்த ஒரு கவனக்குறைவு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் டீச்சர் எங்கேயோ போயிருப்பார்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அந்தக் கவனக்குறைவு அவருடையது அல்ல, என்னுடையது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் புகழ்ந்து எழுத வேறு நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் நடுநிலைப்பள்ளி ஓசூருக்கு வெளியே, சுற்றிலும் தொழிற்சாலைகள் முளைத்து விழுங்கிவிட்ட ஒரு கிராமத்தில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் லைன் வீடுகளிலிருந்து வருபவர்கள். ஊத்தங்கரை, தருமபுரி, கர்நாடகப் பக்கம் என்று எங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பங்கள். ஒரே வரிசையில் பத்து வீடு, மூன்று மொழி. லைன் வீடுகளுக்கும் பள்ளிக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, எல்லை தாண்டி வரும் கண்டெய்னர் என்று எல்லாம் ஓடும். நடக்க என்று தனியாக ஓரடி இடம் கிடையாது. அதனால் ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் போகும் அப்பாக்கள், ஐந்தே முக்காலுக்கே பிள்ளைகளை பைக்கில் கொண்டுவந்து பூட்டிய கேட்டின் முன்னால் இறக்கிவிட்டுப் போவார்கள். மார்கழிக் குளிரில் புத்தகப்பையைத் தலைக்கு வைத்து, கேட்டில் சாய்ந்து தூங்கும் பிள்ளைகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

ஜரீனா டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்த மூன்றாவது நாளே அதைப் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார். "ஏன் சார், இது பள்ளிக்கூடமா பஸ் ஸ்டாண்டா? புள்ளைங்க படுத்துக் கெடக்குது, நீங்க தாண்டிக்கினு வர்றீங்க." எனக்குச் சுருக்கென்றது. நான் சாலையைக் குறை சொன்னேன், லாரியைக் குறை சொன்னேன், அரசாங்கத்தையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ரோடு மாறாது. நாம என்ன பண்ணலாம்?" என்றார். பத்தொன்பது வருட வேலையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு வாரம் தினமும் காலையில் லைன் வீடுகளுக்குப் போய் நின்று பார்த்தார். அவர் கண்ணில் பட்டது, எங்கள் யார் கண்ணிலும் படாத ஒன்று. முதல் ஷிப்டுக்கு ஒருவர் கிளம்பும் அதே காலையில், பக்கத்து வீட்டில் இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறார். "அவங்க வந்த உடனே படுக்கறதில்ல சார். டீ குடிச்சிட்டு, பல் குத்திக்கினு, எட்டரை ஒன்பது வரைக்கும் சும்மாதான் நிக்கறாங்க. அந்த நேரத்த எனக்குக் குடுத்தாப் போதும்." இப்படித்தான் நடை வரிசை பிறந்தது. எட்டரைக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் பிள்ளைகள் கூடுவார்கள். முன்னால் டீச்சர். நடுவில் இரண்டிரண்டு பேராகச் சின்னப் பிள்ளைகள். சாலைப் பக்கமாகச் சைக்கிள் வைத்திருக்கும் பெரிய பிள்ளைகள். கடைசியில், அந்த வாரம் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பாவோ அம்மாவோ ஒருவர். அவருக்குப் பெயர் கடைசி ஆள். முப்பது பேருக்கு மேல் அப்படி நடந்து வந்தார்கள். கேட்டின் முன்னால் தூங்கும் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள்.

சைக்கிள் விஷயத்தில் அவர் அடித்த கூத்தையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டப் பழக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவரிடம் ஒரு எட்டாம் வகுப்புப் பெண், "நீங்க ஓட்டுவீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். ஓட்டத் தெரியாது. மறுநாளே பள்ளி மைதானத்தில் பழக ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதில் புர்காவை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு சுற்று வந்தவர், கொடிக்கம்பத்தடியில் தடாலென்று விழுந்தார். பள்ளியே சிரித்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே, "சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிச்சவங்க வந்து தூக்கி விடுங்க" என்றார். அந்த வருடம் ஒன்பது பெண்கள் சைக்கிளில் வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் என் வேலை ஒன்றே ஒன்றுதான். எந்த வாரம் யார் கடைசி ஆள் என்று அட்டவணை எழுதி ஒட்டுவது. "என் கையெழுத்த நானே படிக்க முடியாது சார். உங்க எழுத்துதான் முத்து முத்தா இருக்கு, நீங்க எழுதுங்க" என்றார். ஆகட்டும் என்றேன். ஆகட்டும் என்பது என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் சொல். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வாரத்துக்கு வாரம், ஞாயிறு இரவோடு மாறும். அதைக் கணக்கு வைத்து நான் ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு எழுதிவிடுவேன். ஆனால் ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் மூடினால், திறந்தபின் பழைய ஷிப்டே இன்னொரு வாரம் தொடர்வதும் உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லீவு விடுவதற்கு முந்தின நாள் டீச்சர் சொன்னார்: "நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன் சார். திங்கக்கிழமை ஷிப்ட் மாறுதா இல்லையான்னு லைன் வீட்டுல ஒரு வார்த்த கேட்டுடுங்க." ஆகட்டும் என்றேன். கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலை நினைவு வந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் பைக்கில் வரும்போது வரிசை தண்ணீர்த் தொட்டியடியில் நின்றிருந்தது. டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "கடைசி ஆள காணோம் சார். இந்த வாரம் யாரு?" நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. "முருகேசன்தான் டீச்சர். டீ குடிச்சிட்டு இருப்பாரு, பின்னாலயே வருவாரு, நீங்க நடங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஊத்தங்கரைக்காரர் முருகேசன் அப்போது தொழிற்சாலைக்குள் இருந்தார். அவருக்கு ஷிப்ட் மாறவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கே வேலைக்குப் போய்விட்டார். என் வார்த்தையை நம்பி டீச்சர் நடந்தார்.

வரிசையின் கடைசியில் வந்தவள் முருகேசனின் மகள் பவித்ரா. இரண்டாம் வகுப்பு. அறுந்த செருப்பு வாரை மாட்டக் குனிந்திருக்கிறாள். புது வீட்டுமனை லேஅவுட்டுக்குள்ளிருந்து ரிவர்ஸில் வந்த தண்ணீர் லாரி அவளைப் பார்க்கவில்லை. பின்னால் ஓர் ஆள் நின்றிருந்தால் லாரியை ஒரு தட்டுத் தட்டியிருப்பார், அவ்வளவுதான். உயிர் பிழைத்தாள். இடது கால் மட்டும் சரியாகக் கூடவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யார் எழுதினது?" என்று கேட்டார். என் கையெழுத்து என்று பள்ளிக்கே தெரியும். ஜரீனா டீச்சர் முந்திக்கொண்டார். "எழுதினது சார்தான். பேர் சொன்னது நான். ஷிப்ட் மாறாததக் கேக்காம விட்டதும் நான்தான்." நான் வாயைத் திறக்கவில்லை. அவரை அஞ்செட்டிப் பக்கம் மாற்றினார்கள்.

கிளம்பும் நாளில் அவர் சுவரிலிருந்து அட்டவணையைப் பிரித்து, நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டா இந்தப் புள்ளைங்கள யாரு கூட்டிக்கினு வர்றது? ஒருத்தராவது இருக்கணும்ல. திங்கக்கிழமையிலருந்து நீங்க முன்னால நடங்க சார்." அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆகட்டும் என்றேன்.

திங்கட்கிழமை போனேன். பதினொரு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வாசல்களில் நின்று பெற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். ஒரு தாய் ஓடிவந்து தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "இன்னிக்கு வேணாம் பசங்களா, வீட்ல சொல்லி வண்டியில வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினேன். அன்றோடு நடை வரிசை முடிந்தது. பிறகு ஒரு கம்பெனியைப் பிடித்து வேன் வாங்கினேன். ஆண்டு விழாவில் அதற்காகச் சால்வை போட்டார்கள். வேனில் இடம் இல்லாத பிள்ளைகள் இன்றும் ஐந்தே முக்காலுக்கு வந்து கேட்டில் சாய்ந்து தூங்குகிறார்கள். நடக்க முடியாத சாலை என்று சொல்லித்தான் எல்லோரும் வண்டி எடுத்தோம். இப்போது அந்தச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பவை எங்கள் வண்டிகளே.

அஞ்செட்டியிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். சிக்னலுக்காகப் பஸ் நிற்கும் இடம்வரை வந்து பேசுவார். "இங்க புள்ளைங்க எல்லாம் காட்டு வழியில நடந்துதான் வர்றாங்க சார். நான் சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்ல. யானை வந்தா மட்டும் லேட்டு" என்று சிரிப்பார். பிறகு தவறாமல் கேட்பார்: "வரிசை நடக்குதா சார்? இந்த வாரம் கடைசி ஆள் யாரு?" முதல் முறை கேட்டபோது உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். அடுத்த வாரம் இன்னொரு பெயர். ஆறு வருடம் சொன்னேன். நடக்காத வரிசைக்கு வாரம் தவறாமல் கடைசி ஆள் போட்டேன்.

அவர் காலமாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். சட்டென்று வேறு பெயர் கிடைக்காமல், முருகேசன் என்று சொல்லிவிட்டேன். "முருகேசன் வர்றாரா? பவித்ரா நடக்குதா சார்?" என்றார். நடக்கிறாள் டீச்சர், வரிசையில் வருகிறாள் என்றேன். அவர் அழுவது கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். எனக்கு இது போதும் சார்." அடக்கம் முடிந்த அன்று அவருடைய அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதான அந்த சார்? 'நான் வந்துட்டாலும் அவரு வரிசைய நிறுத்தலண்ணா'ன்னு தங்கச்சி வாய் ஓயாம சொல்லும்." கபர்ஸ்தான் மண் ஒட்டிய என் கைகளை அவரிடமிருந்து எப்படி விடுவித்துக்கொண்டேன் என்று நினைவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது மடித்துக் கொடுத்த அந்தத் தாள் ஒன்றுதான். முத்து முத்தான என் எழுத்து, கடைசி வாரத்துக்கு எதிரே முருகேசன் என்ற பெயர். அதற்குக் கீழே அவர் தன் கோணல் கையெழுத்தில் "அடுத்த வாரம்" என்று மட்டும் எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறார். நான் நிரப்ப வேண்டிய இடம்.

கூட்டம் முடிந்த மறுநாள், அதாவது நேற்றுக் காலை, பைக்கை எடுக்கவில்லை. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எட்டரைக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் போய் நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் யார் அனுப்புவார்கள்? தனியாகவே நடக்கத் தொடங்கினேன். லேஅவுட் கேட் அருகே பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. முருகேசன். நைட் ஷிப்ட் முடித்த கண்கள் சிவந்திருந்தன. பின்னால் எட்டாம் வகுப்புச் சீருடையில் பவித்ரா.

"இன்னா சார், நடந்துக்கினு போறீங்க? வண்டி ரிப்பேரா? ஏறுங்க சார், உட்டுட்டுப் போறேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பவித்ரா எனக்கு இடம் விட்டு, அந்த இடது காலை மெல்ல இழுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஆகட்டும் என்றேன். ஏறிக்கொண்டேன்.