நத்தை தின்ற காளான்

சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. தொப்பியில் மஞ்சள் பொட்டுகள் வேறு. காரையாற்றுக் காட்டில், மழையில் ஊறிய மரக்கட்டை ஓரமாக நின்றது அந்தக் காளான். பாளையங்கோட்டை பேக்கரிகளின் கண்ணாடிக்குள்கூட அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலு.

"இது என்ன காளான்பா? திங்கலாமா?"

அப்பா கணக்கு வாத்தியார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எங்களைக் காளானோடு சேர்த்துப் போனில் படமெடுத்துக்கொண்டே, "அது லேசுட்டி. புழு, நத்தை எதும் தின்னிருக்கான்னு பாரு. அதுக தின்னா நாமளும் திங்கலாம்" என்றார். பிறகு சாப்பாட்டுக் கூடையை எடுக்கக் காருக்குப் போய்விட்டார்.

குனிந்து பார்த்தேன். தொப்பிக்கு அடியில் ஒரு நத்தை சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்? நத்தையைத் தள்ளிவிட்டு, காளானைப் பிய்த்து, ஓடைத் தண்ணீரில் இரண்டு தரம் கழுவித் தம்பிக்கு ஊட்டினேன். கழுவாமல் கொடுத்தால் அம்மா ஏசுவாள். நான் தின்னவில்லை. எனக்குக் காளான் பிடிக்காது.

சாப்பிட உட்கார்ந்தபோது பெருமையாகச் சொன்னேன்: "தம்பி அந்தச் செவப்புக் காளானத் தின்னுட்டானே!"

அம்மாவின் கையிலிருந்த புளிச்சாதம் அப்படியே மண்ணில் விழுந்தது. "ஏசப்பா! பாவி மட்ட, என்னட்டி செஞ்ச?" அம்மா அலறிக்கொண்டே தம்பியைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தம்பி வாந்தி எடுத்தான். கடைசி வளைவில் அவன் தலை தொங்கிவிட்டது. செத்துப்போய்விட்டான் என்றே நினைத்தேன். கொன்றது நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இத யாரு குடுத்தா?" என்றார்.

நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தேன்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர்" என்றார் அப்பா. "நத்தை தின்னிருந்துச்சு."

"நத்தைக்கு ஒத்துக்கிடும் சார். பிள்ளைக்கு ஒத்துக்கிடுமா?"

அப்பா பதில் சொல்லாமல் நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மூன்றாம் நாள் தம்பி கண்விழித்து முறுக்கு கேட்டான். அம்மா கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்பாவோடு பேசவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. எனக்காக அப்பா பொய் சொல்லிவிட்டாரே என்று அடித்துக்கொண்டது மனசு. அந்தப் பொய்யை மன்னித்துவிடும்படி ராத்திரி ஜெபத்தில் தினமும் ஆண்டவரிடம் கெஞ்சினேன். அப்பா பொய்யே சொல்லவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.